‘பார்பி’ படத்தில் யாருக்கெல்லாம் இடம் கிடைத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேட்டா கெர்விக் இயக்கிய ‘பார்பி’ 2023 ஜூலை 21 அன்று வெளியானது. உலகம் முழுக்க ஏறக்குறைய 144 கோடி டாலர் வசூலித்து, அந்த ஆண்டின் முதல் இடத்தைப் பிடித்தது. ஒரு பெண் தனியாக இயக்கிய படங்களிலேயே அதிகம் வசூலித்ததும் இதுதான். இவ்வளவு பேர் பார்த்த ஒரு கற்பனை உலக நையாண்டிப் படத்தில் கறுப்பினப் பெண்கள், குண்டான பெண்கள், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் எல்லாம் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதையின் முடிவுவரை பேசியாக வேண்டும். படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பார்பிலாந்து என்று ஓர் உலகம். அங்கே ஜனாதிபதி முதல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வரை எல்லாப் பதவியிலும் பெண் பொம்மைகள்தான். கென் என்று பெயர் கொண்ட ஆண் பொம்மைகள் கடற்கரையில் நின்றுகொண்டிருப்பார்கள். பார்பிகளின் கண்ணில் படுவதே அவர்கள் வேலை. வெளுத்த நிறம், பொன்னிறக் கூந்தல் என்று அச்சு அசல் பார்பியாக இருக்கும் ஒருத்திக்கு (மார்கோ ராபி) திடீரென்று சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது, பாதம் தட்டையாகிவிடுகிறது. காரணம் தேடி நம் உலகத்துக்கு, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வருகிறாள். கூடவே வரும் கென் (ரயன் காஸ்லிங்), இங்கே ஆண்கள் கையில் அதிகாரம் இருப்பதைப் பார்த்து வாய் பிளந்து, அதை அப்படியே பார்பிலாந்துக்குக் கொண்டுபோய் ஆட்சியைப் பிடித்துவிடுகிறான். பார்பி பொம்மையைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனத்தில் வேலை பார்க்கும் குளோரியாவும் (அமெரிக்கா ஃபெரேரா) அவள் மகள் சாஷாவும் பார்பியோடு சேர்ந்து அதை மீட்கிறார்கள்.

பொம்மை விற்கும் நிறுவனமே சேர்ந்து எடுத்த படம். அதை எப்படி நையாண்டி என்று சொல்வது?

இரண்டும் உண்மை. படத் தயாரிப்பில் மேட்டலுக்குப் பங்கு உண்டு, படம் வந்த பிறகு பொம்மைகளும் பொருள்களும் ஏராளமாக விற்றன. ஆனால் படம் யாரைக் கேலி செய்கிறது என்று பாருங்கள். மேட்டல் நிறுவனத்தின் நிர்வாகக் கூட்ட அறையில் ஒரு பெண்கூட இல்லை. தலைமை அதிகாரி (வில் ஃபெரல்) பெண்களுக்காகத் தாம் எவ்வளவு பாடுபடுகிறோம் என்று முழங்கும்போது, மேசையைச் சுற்றிக் கோட்டு சூட்டு போட்ட ஆண்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைவிடக் கூர்மையான இடம் கடைசியில் வருகிறது. பெரிய சாதனை எதுவும் செய்யாத, ஒரு நாளைச் சமாளித்தால் போதும் என்று இருக்கும் ஒரு சாதாரண பார்பி வேண்டும் என்று குளோரியா கேட்கிறாள். தலைமை அதிகாரி அதை மட்டமான யோசனை என்று தள்ளுகிறார். இது நல்ல லாபம் தரும் என்று பக்கத்தில் இருப்பவர் சொன்ன அடுத்த நொடியே ஒப்புக்கொள்கிறார். பொம்மை உலகத்தில் பன்முகத்தன்மை எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதை இந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த நையாண்டி இதுதான்.

நடிகர்களில் யார் யார் இருக்கிறார்கள்?

ஜனாதிபதி பார்பியாக இஸா ரே, இலக்கியத்துக்கு நோபல் வாங்கும் எழுத்தாளராக அலெக்ஸாண்ட்ரா ஷிப். இருவரும் கறுப்பினப் பெண்கள். வழக்கறிஞராக ஸ்காட்லாந்தின் ஷேரன் ரூனி, மருத்துவராகத் திருநங்கையான ஹாரி நெஃப், உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஆனா க்ரூஸ் கேய்ன், பத்திரிகையாளராக இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த பிரிட்டிஷ் நடிகை ரிது ஆர்யா. கென்களில் சீன வம்சாவளிக் கனடியரான சிமு லியு, கறுப்பின பிரிட்டிஷ் நடிகர் கிங்ஸ்லி பென்-அடிர், ருவாண்டாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி கட்வா. குளோரியாவாக வரும் அமெரிக்கா ஃபெரேராவின் பெற்றோர் ஹோண்டுராஸிலிருந்து வந்தவர்கள்.

கேமராவுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். இயக்கம் கெர்விக், திரைக்கதை அவரும் நோவா பாம்பாக்கும். அரங்க வடிவமைப்பு சாரா கிரீன்வுட், உடைகள் ஜாக்குலின் டுரான், ஒளிப்பதிவு மெக்சிகோவின் ரோட்ரிகோ பிரியெட்டோ. முக்கியப் பொறுப்புகளில் பெண்கள் நிறைய. ஆனால் கதையை எழுதிய இருவருமே வெள்ளை இனத்தவர்கள். கீழே வரும் சில பதில்களில் இதை மறுபடியும் தொட வேண்டியிருக்கும்.

இத்தனை முகங்கள் இருக்கும்போது இன்னும் என்ன குறை?

எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஒரு பாத்திரத்துக்குத் தனியாக ஓர் ஆசை இருக்கிறதா? அந்த ஆசையால் அது தப்பு செய்கிறதா? தப்பால் கதை திரும்புகிறதா? இந்த மூன்றும் இருந்தால்தான் அந்த ஆள் கதைக்குள் வாழ்கிறார். இல்லையென்றால் படச்சட்டத்துக்குள் நிற்கிறார், அவ்வளவுதான்.

‘பார்பி’யில் இந்த மூன்றும் யாருக்கு இருக்கின்றன? முதலில் மார்கோ ராபியின் பார்பிக்கு. அப்புறம் காஸ்லிங்கின் கென்னுக்கு. சொல்லப்போனால் படத்திலேயே அதிக ஆசையும் அதிகத் தப்பும் அவனுக்குத்தான். மூன்றாவதாக குளோரியாவுக்கு. கேட் மெக்கின்னன் நடித்த விசித்திர பார்பிக்குக் கொஞ்சம். மற்றவர்களுக்கு ஒரு பதவி, ஒரு உடை, இரண்டு மூன்று வசனங்கள்.

இஸா ரேயின் ஜனாதிபதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கென்கள் ஆட்சியைப் பிடித்ததும் நாட்டின் தலைவி பீர் பரிமாறும் பெண்ணாகிவிடுகிறாள். எவ்வளவு பெரிய வீழ்ச்சி! அதிகாரத்தை இழந்தபோது அவளுக்குள் என்ன நடந்தது, திரும்பக் கிடைத்தபோது என்ன தோன்றியது என்று ஒரு காட்சி இருந்திருந்தால் படமே வேறு உயரத்துக்குப் போயிருக்கும். ஒரு கறுப்பினப் பெண் ஜனாதிபதியாக இருந்து, பறிகொடுத்து, மீண்டும் வருகிறாள். அமெரிக்காவில் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை எது? அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் படம் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் இதில்தான்.

நாயகி ஏன் வெள்ளை நிறப் பெண்? அதைத்தானே முதலில் மாற்றியிருக்க வேண்டும்?

இந்த இடத்தில் நான் படத்தின் பக்கம். அந்தப் பாத்திரம் எல்லாப் பார்பிகளுக்கும் பொதுவான முகமாக வரவில்லை. 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டலை நிறுவியவர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லர் அறிமுகப்படுத்திய அந்த முதல் அச்சின் வாரிசாக வருகிறது. பல தலைமுறைச் சிறுமிகளுக்கு அழகு என்றால் இதுதான் என்று சொல்லிக் கொடுத்த அதே உருவம். அந்த உருவத்தின் மீது விசாரணை நடத்த வேண்டுமென்றால் அதையே கூண்டில் ஏற்றியாக வேண்டும். பள்ளியில் சாஷா பார்பியின் முகத்துக்கு நேரே, நீ பெண்களை ஐம்பது வருடம் பின்னுக்கு இழுத்தவள் என்கிற தொனியில் வெளுத்து வாங்கும் காட்சி, அந்த இடத்தில் வேறு நிறப் பார்பி நின்றிருந்தால் பொருளே இழந்திருக்கும்.

படத்துக்கும் இது தெரியும். தான் அழகாக இல்லை என்று பார்பி அழும்போது, கதைசொல்லியாகக் குரல் கொடுக்கும் ஹெலன் மிரன் குறுக்கே வந்து, இதைச் சொல்ல மார்கோ ராபி பொருத்தமான ஆள் இல்லை என்று படக்குழுவுக்கே குறிப்பு சொல்கிறார். அரங்கம் முழுக்கச் சிரிக்கும் இடம். ஆனால் குறையைத் தானே சொல்லிவிட்டால் குறை தீர்ந்துவிடாது.

ஒரு பொம்மை என்ன நிறத்தில் இருந்தால் என்ன? குழந்தைகள் இதையெல்லாம் கவனிப்பார்களா?

கவனிப்பார்கள். கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பின உளவியலாளத் தம்பதி 1940களில் கறுப்பினக் குழந்தைகளிடம் ஒரே மாதிரியான பொம்மைகளைக் கொடுத்தார்கள். நிறம் மட்டுமே வேறு. எது நல்ல பொம்மை, எது பார்க்க நன்றாக இருக்கிறது என்று கேட்டபோது, பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். எது உன்னைப் போல இருக்கிறது என்று அதன் பிறகு கேட்டபோது சில குழந்தைகள் கலங்கிப் போனார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் இந்த ஆய்வும் முன்வைக்கப்பட்டது. ஒரு நாட்டின் சட்டம் மாறியதில் இந்தப் பொம்மைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

மேட்டலின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1967இல் ஃபிரான்ஸி என்ற வெள்ளைப் பொம்மையின் அதே அச்சில் கருமையான பிளாஸ்டிக்கை ஊற்றி ஒரு பொம்மை வந்தது. 1968இல் கிறிஸ்டி வந்தாள்; அவள் பார்பியின் தோழி மட்டுமே. பார்பி என்ற பெயரையே ஒரு கறுப்பினப் பொம்மைக்குக் கொடுக்க 1980 ஆனது. அதை வடிவமைத்தவர் கிட்டி பிளாக் பெர்கின்ஸ் என்ற கறுப்பின வடிவமைப்பாளர். முதல் பார்பிக்கும் இதற்கும் நடுவே 21 வருடம். தோழியாக இருக்கலாம், நாயகியாக முடியாது என்பதுதான் அந்த 21 வருடமும் கடைத்தட்டு சொல்லிக்கொண்டிருந்த செய்தி.

இந்தியக் கடைகளில் புடவை கட்டி, பொட்டு வைத்து விற்ற பார்பிகளை 90களில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். உடை நம்முடையது. முக அச்சும் உடல்வாகும் பெரும்பாலும் அந்தப் பழைய பார்பியுடையவைதான்.

இந்த வரலாறு படத்துக்குள் இல்லை. பார்பிலாந்தில் இஸா ரே எப்போதும் ஜனாதிபதியாகவே இருந்தவள் போல வருகிறாள். கிறிஸ்டி என்ற பெயர்கூட ஒரு முக்கியப் பாத்திரமாக வரவில்லை. மேட்டலின் ஆண் நிர்வாகிகளைக் கிண்டல் செய்ய முடிந்த படத்துக்கு, மேட்டலின் நிற வரலாற்றைத் தொட மனம் வரவில்லை.

குளோரியாவின் அந்த நீண்ட பேச்சு எல்லாப் பெண்களுக்கும் பொருந்துமா?

ஒல்லியாக இருக்க வேண்டும் ஆனால் ரொம்ப ஒல்லியாகவும் இருக்கக்கூடாது, தலைமை ஏற்க வேண்டும் ஆனால் அதட்டக்கூடாது என்று பெண்களிடம் எதிர்பார்க்கப்படும் முரண்பாடுகளை குளோரியா கொட்டித் தீர்க்கும் பேச்சு அது. அதைக் கேட்டுத்தான் கென்களின் ஆட்சியில் மயங்கிக் கிடக்கும் பார்பிகள் ஒவ்வொருவராக விழிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பார்த்த பெண்களும் கண் கலங்கினார்கள் என்றால் அதில் வியப்பில்லை. வீட்டில் ஒரு அளவு, அலுவலகத்தில் இன்னொரு அளவு என்று வாழ்கிறவர்கள் யாருக்கும் அது தைக்கும்.

ஆனால் பேச்சு முழுக்கப் பெண் என்ற ஒரே சொல்லில் நிற்கிறது. குளோரியா லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், ஒரு பெரிய நிறுவனத்தில் செயலாளர். ஒரு வெள்ளை இனப் பெண் மேலதிகாரிக்கு வரும் தொல்லையும் அவளுக்கு வரும் தொல்லையும் ஒன்றாக இருக்க முடியாது. அந்த வேறுபாட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. அவள் வம்சாவளி படத்தில் தலைகாட்டும் இடம், அவள் கணவர் செயலியில் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளும் சின்ன நகைச்சுவை மட்டும். (கணவராக வருபவர் ஃபெரேராவின் நிஜக் கணவரான ரயன் பியர்ஸ் வில்லியம்ஸ்.)

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பார்பிக்கு வந்த சாவு நினைப்பு எங்கிருந்து வந்தது? அழகான வெள்ளைச் சிறுமி ஒருத்தியிடமிருந்து வரவில்லை. நடுத்தர வயதில், மகள் விலகிப் போய்க்கொண்டிருக்கும் சோகத்தில், வேலை நேரத்தில் பொம்மைப் படம் வரைந்துகொண்டிருந்த இந்த லத்தீனாத் தாயிடமிருந்து வந்தது. முழுக் கதையும் அவள் பென்சில் முனையிலிருந்து கிளம்புகிறது. ஹாலிவுட் பெரும்படங்களில் இப்படி ஒரு பெண்ணின் மனச்சோர்வு கதையின் ஊற்றாக வருவது அரிது. அந்த மதிப்பை நான் குறைக்க மாட்டேன்.

பெரியம்மை நகைச்சுவை பற்றி ஏன் அவ்வளவு கோபம்?

கென்கள் கொண்டுவந்த ஆணாதிக்கத்துக்குப் பார்பிகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் பலியானார்கள் என்பதை விளக்க, பூர்வகுடி மக்களுக்குப் பெரியம்மை வந்தது மாதிரி, எதிர்ப்பு சக்தியே இல்லை என்கிறாள் குளோரியா. ஒரே வரி. சிரிப்புக்காக வைத்தது.

ஐரோப்பியர்களோடு வந்த பெரியம்மை 1520இல் மெக்சிகோவின் தெனோச்சித்லான் நகரத்தைச் சூறையாடியது. அதன் பிறகு பல நூற்றாண்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் ஊர் ஊராக மக்கள் செத்தார்கள். 1763இல் வட அமெரிக்காவில் ஃபோர்ட் பிட் என்ற பிரிட்டிஷ் கோட்டையில் பெரியம்மை நோயாளிகளின் போர்வைகளைப் பூர்வகுடித் தூதர்களிடம் வேண்டுமென்றே கொடுத்ததற்கு ஆவணம் இருக்கிறது. இத்தனை சாவை ஒரு பொம்மை நாட்டுக் குழப்பத்துக்கு உவமையாக்கினால் வலிக்கும்தானே? படம் வந்ததும் பூர்வகுடிப் பார்வையாளர்கள் பலர் இதைச் சொன்னார்கள், அவர்கள் சொன்னது நியாயம்.

நையாண்டி யாரையும் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த நகைச்சுவையில் அடி வாங்குவது யார் என்று பார்க்க வேண்டும். நிர்வாக அறைக் காட்சியில் அடி மேட்டலுக்கு. இங்கே அடி, படத்தில் ஒரு பாத்திரமாகக்கூட முன்னால் வராத ஒரு மக்களுக்கு. எழுதும் மேசையில் அந்த மக்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் வாசிப்பிலேயே அந்த வரி அடிபட்டிருக்கும். எழுதியது யார் என்பதை மேலே குறிப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்களா?

வீல்சேரில் ஒரு பார்பி நடன விருந்துக் காட்சியில் தெரிகிறாள். பெயரிடப்பட்ட பாத்திரமாக யாரும் இல்லை.

இங்கே பெக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1997இல் மேட்டல் வெளியிட்ட வீல்சேர் பொம்மை அவள். வாங்கிய குழந்தைகள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: பார்பியின் கனவு வீட்டு லிஃப்டுக்குள் பெக்கியின் நாற்காலி நுழையவில்லை. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த, தானே வீல்சேர் பயன்படுத்தும் ஒரு பள்ளி மாணவி இதை வெளியே சொன்னாள். கடைசியில் பெக்கியின் தயாரிப்பு நின்றுபோனது. வீல்சேர் பார்பி மறுபடி வந்தது 2019இல்.

படத்தில் விசித்திர பார்பியின் வீடு என்று ஒன்று வருகிறது. மேட்டல் தயாரித்து, சங்கடப்பட்டுக் கைவிட்ட பொம்மைகளின் புகலிடம் அது. கையைச் சுழற்றினால் மார்பு வளரும் 1975இன் ஸ்கிப்பர், முதுகில் திரை பதித்த வீடியோ பார்பி, 1993இல் காதில் வளையம் போட்டு வந்து தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களிடம் பிரபலமானதும் நிறுத்தப்பட்ட கென். கர்ப்பிணி மிட்ஜும் படத்தில் வருகிறாள். நிறுவனம் பரணில் ஒளித்ததையெல்லாம் வெளியே எடுத்துக் காட்டும் அற்புதமான யோசனை. அந்த வீட்டில் பெக்கி இல்லை. அத்தனை பேரிலும் அங்கே இருக்க முதல் உரிமை உள்ளவள் அவள். பார்பிலாந்தின் சுவரில்லாத அழகான வீடுகளுக்குள் அவளால் ஏற முடிந்ததா என்று ஒரே ஒரு காட்சி கேட்டிருந்தால், அது நிர்வாக அறைக் காட்சியைவிடக் கூர்மையான நையாண்டியாக இருந்திருக்கும்.

திருநங்கை நடிகைக்குக் கொடுத்த பாத்திரம் எப்படி?

ஹாரி நெஃப் மருத்துவர் பார்பி. அவர் திருநங்கை என்பதைப் பற்றிப் படம் ஒரு வார்த்தை பேசவில்லை, கேலியும் இல்லை, விளக்கமும் இல்லை. எல்லாப் பார்பிகளையும் போல அவரும் ஒரு பார்பி. திருநங்கை என்றாலே ஒரு காமெடி டிராக் வைத்துப் பழகிய தமிழ்ப் பட ரசிகர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரியும். பாத்திரம் சின்னது என்ற குறை இங்கேயும் உண்டு.

உடல்வாகும் வயதும்?

ஷேரன் ரூனியின் வழக்கறிஞர் பார்பி குண்டான பெண். உச்ச நீதிமன்றத்தில் நின்று பெருநிறுவனங்களின் பண பலத்துக்கு எதிராக வாதாடுகிறாள். அவள் உடலை வைத்து ஒரு நகைச்சுவைகூட இல்லை. 1965இல் ஒரு பார்பியோடு 110 பவுண்டில் முள் நின்றுபோன எடை மெஷினும், சாப்பிடாதே என்று அறிவுரை சொல்லும் குட்டிப் புத்தகமும் கொடுத்த நிறுவனம் இது. வேறு உடல்வாகுகளில் பார்பி வந்ததே 2016இல்தான். அந்தப் பின்னணியில் ரூனி அந்த உடையில் தலைநிமிர்ந்து நிற்பது சின்ன விஷயமில்லை.

வயதுக்கு ஒரே ஒரு காட்சி. பேருந்து நிறுத்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியைப் பார்பி பார்க்கிறாள். அவள் உலகத்தில் முதுமையே கிடையாது. நீங்கள் அழகாக இருக்கிறீர்கள் என்கிறாள். எனக்கே தெரியுமே என்கிறார் அவர். நடித்தவர் 1931இல் பிறந்த, ஆஸ்கர் வென்ற உடை வடிவமைப்பாளர் ஆன் ராத். கதை நகர்வுக்குத் தேவையில்லை, வெட்டிவிடலாம் என்று யோசனை வந்தபோது, அதை எடுத்துவிட்டால் இந்தப் படம் எதைப் பற்றியது என்றே தெரியாது என்ற பொருளில் கெர்விக் மறுத்துவிட்டார். சரியான முடிவு. அரை நிமிடம்தான் என்றாலும் ஆன் ராத்துக்குக் கிடைத்தது அலங்கார இடமல்ல. கடைசியில் பார்பி மனுஷியாக விரும்புவதன் விதை அங்கே விழுகிறது.

படம் ஆண்களை மட்டம் தட்டுகிறதா?

அப்படிப் பார்த்தால் பார்பிலாந்தின் பெண்களைப் பற்றி என்ன சொல்வது? கென்கள் இரவில் எங்கே தங்குகிறார்கள் என்றுகூட பார்பிக்குத் தெரியாது. நம் உலகத்தைத் திருப்பிப் போட்ட கண்ணாடி அது. கடைசியில் பார்பி கென்னிடம் மன்னிப்பும் கேட்கிறாள். கென்கள் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் கேட்க, ஜனாதிபதி மறுத்து, கீழ் நீதிமன்றத்தில் வேண்டுமானால் பார்க்கலாம் என்கிறாள். நிஜ உலகில் பெண்களுக்கு உள்ள அளவு அதிகாரம் ஒருநாள் கென்களுக்கும் கிடைக்கும் என்கிறார் கதைசொல்லி. படம் வெளியானபோது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 4 பேர் பெண்கள். முதல் கறுப்பினப் பெண் நீதிபதி கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் அதற்கு முந்தைய ஆண்டுதான் பதவியேற்றிருந்தார். பெண் ஜனாதிபதி ஒருவர்கூட வந்ததில்லை.

சில நாடுகளில் தடை செய்தார்களாமே?

வியட்நாம் தடை செய்தது, ஆனால் காரணம் வேறு: ஒரு காட்சியில் வரும் குழந்தைக் கிறுக்கல் உலக வரைபடத்தில் தென்சீனக் கடலில் சீனா உரிமை கோரும் எல்லைக் கோடு இருப்பதாகச் சொன்னார்கள். குவைத் பொது ஒழுக்கத்தைக் காரணம் காட்டித் தடுத்தது. சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் திரையிட்டார்கள்.

ஆஸ்கர் சர்ச்சை என்ன?

8 பரிந்துரைகள் கிடைத்தன. பில்லி ஐலிஷ், ஃபின்னியாஸ் இருவரின் பாடலுக்கு ஒரே ஒரு விருது. கென்னாக நடித்த காஸ்லிங்குக்குப் பரிந்துரை உண்டு. இயக்கத்துக்கு கெர்விக்கும் நடிப்புக்கு மார்கோ ராபியும் விடுபட்டார்கள். படம் சொன்னதே நடந்துவிட்டது என்று உலகமே கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பில் ஒன்று அடியில் போய்விட்டது: அமெரிக்கா ஃபெரேராவுக்குத் துணை நடிகைப் பரிந்துரை கிடைத்திருந்தது. அதே ஆண்டு வேறொரு படத்தில் நடித்த லிலி கிளாட்ஸ்டன், சிறந்த நடிகைக்குப் பரிந்துரை பெற்ற முதல் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணானார். தலைப்புச் செய்திகளில் விடுபட்ட இரண்டு வெள்ளைப் பெண்களுக்குக் கிடைத்த இடம், உள்ளே வந்த இந்த இரண்டு பெண்களுக்குக் கிடைக்கவில்லை. துணை நடிகை விருதை வேறொரு படத்துக்காக வென்றவர் டாவைன் ஜாய் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்று சான்றிதழ். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பொம்மை உலகம் பிடிக்கும், பேச்சு புரியாது. பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளோடும் ஆண் பிள்ளைகளோடும் சேர்ந்து பார்ப்பது மிக நல்லது. முடிந்ததும், உனக்கு எந்தப் பார்பியைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசை என்று மட்டும் கேளுங்கள். ஜனாதிபதியா, மருத்துவரா, வீல்சேரில் ஆடிய அந்தப் பெண்ணா என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

படம் விட்டுவைத்த கதையைத் தெரிந்துகொள்ள வேறு எதைப் பார்க்கலாம்?

லகேரியா டேவிஸ் இயக்கிய ‘பிளாக் பார்பி’ ஆவணப்படத்தைப் பாருங்கள். 2023இல் திரைவிழாவில் வந்து 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. இயக்குநரின் அத்தை பியூலா மே மிட்செல் மேட்டல் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர். எங்களைப் போல ஒரு பார்பி ஏன் இல்லை என்று அந்தக் காலத்திலேயே ரூத் ஹேண்ட்லரிடம் நேரடியாகக் கேட்ட கறுப்பினத் தொழிலாளிகளில் அவரும் ஒருவர். கிட்டி பிளாக் பெர்கின்ஸும் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்கிறார். கெர்விக்கின் படத்தைப் பார்த்த அதே வாரத்தில் இதையும் பார்த்தால் நல்லது.